பதினோரு டம்ளர் டீ

ஜெயக்குமாருக்குத் தன் பெயர் என்றால் உயிர். குமார் என்று சுருக்கிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். திருக்கழுக்குன்றத்தில் அவன் வீட்டுக்குப் போனால் குடம், தட்டு, கரண்டி எல்லாவற்றிலும் அவன் பெயரே வெட்டியிருக்கும். மனைவி வசுமதி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களையும் விடவில்லை. மாமனார் பெயருக்குக் கீழே தன் பெயரையும் வெட்ட வைத்தான். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். சிரித்த முட்டாள்களில் நான்தான் முதல் ஆள்.

நான், அவன், சீனு மூவரும் செங்கல்பட்டுக்கு வடக்கே, கார்களுக்கு ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. சட்டையின் முதுகில் பெரிதாக எண் அச்சடித்திருக்கும். நான் இருநூற்றுப் பதினாலு. வெங்கடேசன் என்று ஒருத்தன் இருப்பதே அந்த மேனேஜருக்குத் தெரியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மாதத்தில், பன்னிரண்டு பேர் ரகசியமாகக் கையெழுத்துப் போட்டுச் சங்கம் ஆரம்பிக்கத் தயாரானோம். ஜெயக்குமாருக்கு விஷயம் தெரியும். "வூட்ல நெலம சரியில்ல மச்சான், கையெழுத்து மட்டும் கேக்காத. ஆனா கூட நிப்பேன்" என்றான். நாங்களும் வற்புறுத்தவில்லை. ஒரே வாரத்தில் பதினோரு பேருக்கு வேலை போனது. பன்னிரண்டாவது ஆளான சீனு மட்டும் ஜம்மென்று உள்ளே இருந்தான்.

அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில், சீனுவின் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவனைச் செருப்பால் அடித்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்போது பத்து வயது இருக்கும். சீனு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு என்னவோ கத்தினான். நான் காதில் வாங்கவில்லை. ஜெயக்குமார்தான் என்னைப் பிடித்து இழுத்தான். "வுடு மச்சான், காட்டிக் குடுத்தவன தொட்டா நம்ம கைதான் நாறும்" என்றான். அந்த வார்த்தை அன்றைக்கு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

அதற்குப் பிறகு ஊரில் ஒரு கல்யாணத்துக்கும் சீனுவைக் கூப்பிடவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போனான். நான் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தேன். ஜெயக்குமாரை மெஷினிலிருந்து மாற்றி, வருகைப் பதிவு பார்க்கிற, நாற்காலியும் மின்விசிறியும் இருக்கிற டைம் ஆபீசில் உட்கார வைத்தார்கள். உழைப்புக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெம்மேலிப் பக்கம் சவுக்குத் தோப்பில் மூங்கில் கொட்டகைகள் போட்டு ஒரு படம் எடுத்தார்கள். யுத்தத்தில் ஜப்பான்காரனிடம் மாட்டிக்கொண்ட இந்தியச் சிப்பாய்களின் கதை. கைதிகளாக நிற்க ஒல்லியான ஆட்கள் தேவை என்றார்கள். என் தொப்பையைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜெயக்குமாரின் விலா எலும்பு டைரக்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கும்பலில் நிற்கப் போனவனுக்கு ஒரு வேஷமே கிடைத்தது. முகாமில் கஞ்சி ஊற்றும் கைதி. தப்பிக்கத் திட்டம் போட்ட நாலு பேரைக் காட்டிக் கொடுப்பவன்.

படப்பிடிப்பு முடிந்து வந்து என் ஆட்டோவில் உட்கார்ந்து பெருமையடித்தான். "இவன் ஏன் காட்டிக் குடுக்கறான்னு டைரக்டருக்கே பிடிபடல மச்சான். பசியா, அடிக்குப் பயமான்னு கேட்டாரு. ரெண்டும் இல்ல சார், எல்லாரையும் நம்பர் சொல்லி கூப்டற ஆபீசரு, இவன மட்டும் பேர் சொல்லி கூப்டறாரு இல்ல, அதான்னேன். ஆடிப் பூட்டாரு!" இவ்வளவு புத்தி இவனுக்கு எப்படி வந்தது என்று நான் வியந்தேன்.

படம் போன மாதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குச் செங்கல்பட்டுக்குப் போனோம். அவன் முகம் வந்தபோதெல்லாம் விசிலடித்தேன்.

அந்தக் காட்சி வந்தது. ஜெயக்குமார் விரலை நீட்டவில்லை. ஒவ்வொருத்தனாகப் போய், தோளில் கை போட்டு, சிரித்துக்கொண்டே கஞ்சிக் குவளையைக் கையில் கொடுக்கிறான். காமிரா மேலே, அதிகாரியின் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் குனிந்து கஞ்சி குடிப்பவர்களின் முதுகும், முதுகில் எண்ணும்தான் தெரிகிறது. அதிகாரி ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறார். மறுநாள் காலையில் நாலு பேரையும் சுடுகிறார்கள்.

விசிலடிக்க வாயில் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டேன். எங்கள் கேன்டீனுக்கு மேலே மேனேஜருக்கு ஒரு கண்ணாடி அறை உண்டு. வேலை போவதற்கு இரண்டு நாள் முன்னால், நாலு மணி டீயை ஜெயக்குமாரே எங்களுக்கு எடுத்துவந்து கொடுத்தான். தோளில் கை போட்டுக் கொடுத்தான். கையெழுத்துப் போடாத குறைக்கு இப்படிப் பரிகாரம் செய்கிறான் என்று நினைத்து உருகினேன். பதினோரு பேர் வாங்கிக் குடித்தோம். சீனு ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். வெளி டீ குடிக்கமாட்டான். வேண்டாம் சாமி என்று கும்பிட்டு நகர்ந்துவிட்டான். அவன் வேலை தப்பியது அதனால்தான்.

பின் வரிசையில் ஒரு பெண், "பாவம், பசிக்கொடும" என்றாள். எழுந்து நின்று இல்லை என்று கத்தலாம் போலிருந்தது. மேனேஜர் அவனை அடித்துக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். பட்டினி போட்டுக் கேட்டிருந்தாலும் மன்னித்திருப்பேன்.

வெளியே வந்ததும் ஜெயக்குமாரோடு நாலு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அவன் என்னிடம் வந்து தோளில் கை போட்டான்.

"அந்தக் கஞ்சி ஸீன் என் ஐடியா மச்சான். விரல நீட்டுன்னாங்க. விரல நீட்டனா சாட்சி ஆயிடும் சார், கஞ்சி குடுத்தா கஞ்சிதானே, யாரு இன்னா கேக்க முடியும்னேன். எப்டி கீது?"

எப்படிக் கேட்பதென்று தெரியாமல் நேராகவே கேட்டேன். "மேனேஜரு உன்ன இன்னான்னு கூப்டாரு?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. தோளிலிருந்து கை இறங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டே, "ஜெயக்குமார்னு" என்றான்.

அவனை அடிக்க எனக்குக் கை வரவில்லை. ஒன்றுமறியாதவனை அடிக்க மட்டும் எப்படித்தான் வந்ததோ.

விசாரித்துக்கொண்டு அன்று மாலையே பொத்தேரிக்குப் போனேன். ஹாஸ்டல் சந்து ஒன்றில் சீனு டிபன் கடை வைத்திருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கை தானாக முகத்துக்குப் போய், பாதியில் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். அவன் மேஜையைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"உனக்கு தெரியுமா சீனு?"

"தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னனே. பஸ் ஸ்டாண்டுல. டீ குடுத்தவன கேளுன்னு கத்துனேன். நீ செருப்ப கழட்டிகினு இருந்த."

உள்ளே அடுப்படியில் அவன் மனைவி சியாமளா, யாரோ வாடிக்கைக்காரர் என்று நினைத்து, "டீ போடவா?" என்று குரல் கொடுத்தாள்.

"வேணாம்" என்றான் சீனு. "அவரு கெளம்பறாரு."