மத்திக் குஞ்சு விற்காத கடை

மீனவர் வீட்டில் பிறந்த நான், எந்த ஊருக்குப் போனாலும் மீன்கடை முன்னால் நின்றுவிடுவேன். குன்னூர் மார்க்கெட்டில் கடைக்காரர் ஜமீலா, கேரளக் கரையிலிருந்து வந்த மத்திப் பெட்டியைத் திறக்கிறார். எல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். உடனே மூடுகிறார்.

"திருப்பிக் கொண்டுபோங்க."

"மத்த கடைக்காரங்க வாங்கிட்டாங்களே அக்கா," என்கிறார் வேன் ஓட்டுநர்.

"வாங்கட்டுங்க. குஞ்சு மீனைப் பிடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குதுங்க. கடல் சூடாகி மத்தியே குறைஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கறதாவது வளரட்டும்."

வேன் கிளம்பிவிடுகிறது. கடையில் வேறு மீன் இல்லை. மீன் வாங்கக் காத்திருந்த தேயிலை எஸ்டேட் பெண்களுக்குக் கோபம் வரும் என்று நினைக்கிறேன். அவர்களில் ஒருவர் காலிப் பையை மடித்துக்கொண்டே என்னிடம் பெருமையாகச் சொல்கிறார்:

"எங்க ஜமீலாக்கா அப்படித்தானுங்க. இன்னிக்கு எங்க லைன் வீட்டு வரிசை பூராவும் முட்டைக் குழம்புதான்."