அம்பயர் விரலும் ஒற்றை மேக்பையும்

யார்க்‌ஷர் மலைச்சரிவில் இருக்கும் ஹேசல்பி கிராமத்தில் நார்மன் சக்டன் என்று பெயரைச் சொன்னால் போதும், ஜனங்கள் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் பேச ஆரம்பிப்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் பார்த்து எழுதும் வேலை. சனிக்கிழமையானால் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஊர் மைதானத்தில் கிரிக்கெட் அம்பயர். ஆள் ஆறடிக்கு மேல். உடம்பில் சதை என்று சொல்லிக்கொள்ள மீசை ஒன்றுதான். பொய் சொல்ல வராது, கடன் சொல்ல வராது, கோபம் வராது. இவ்வளவு நல்ல மனுஷனைப் பார்த்து ஊர் ஏன் சிரிக்கிறது என்றால், எல்லாம் அந்த மேக்பையால் வந்த வினை.

மேக்பை காக்கைக்குப் பங்காளி முறை. கறுப்பும் வெள்ளையுமாகக் கல்யாணத்துக்குப் போகிற துரை மாதிரி உடுத்திக்கொண்டு, நீள வாலை ஆட்டிக்கொண்டு வேலிமேல் வந்து உட்காரும். ஜோடியாகக் கண்ணில் பட்டால் அன்றைய பொழுது நல்லபடி போகும். ஒற்றையாகப் பட்டால் ஏதாவது கெடுதல் நிச்சயம். அதற்கும் மாற்று இல்லாமல் இல்லை. தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லி, "வீட்டுக்காரி சௌக்கியமா?" என்று விசாரித்துவிட வேண்டும். வீட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று நாமே வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் அது எப்படி ஒற்றையாகும்? வாசல்வரை வந்த துரதிர்ஷ்டம், விலாசம் மாறிவிட்டது போலிருக்கிறதே என்று திரும்பிப் போய்விடும்.

இதை ஊரில் செய்யாதவர் கிடையாது. பாதிரியார்கூடக் காதைச் சொறிகிற பாவனையில் செய்துவிடுவார். நார்மனுக்குத்தான் பாவனை தெரியாது. ஒரு கையில் மீட்டர் புத்தகம் இருப்பதால் மறு கையின் ஆள்காட்டி விரலால் தொப்பி விளிம்பைத் தொட்டு, அந்த விரலை அப்படியே தலைக்கு மேலே நீட்டி, "வணக்கம் ஐயா! வீட்ல அம்மா சௌக்கியமா?" என்று தெருவே கேட்கச் சொல்வார். ஒரு ரிட்டயர்டு கர்னல் இந்த வணக்கம் தனக்குத்தான் என்று நினைத்து, ஜன்னலுக்குப் பின்னால் விறைப்பாக நின்று பதினோரு வருஷம் பதில் சல்யூட் அடித்தார். விஷயம் தெரிந்ததும் கேஸையே துண்டித்துவிட்டு நிலக்கரிக்கு மாறிவிட்டார்.

நார்மனும் காரணம் இல்லாமல் இப்படி ஆகவில்லை. பன்னிரண்டு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஒற்றை மேக்பையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓடினார். அரை மணிக்குள் கால்வாயில் விழுந்தார். காப்பாற்ற வந்த நாய் கடித்தது. கடித்த நாயைப் பிடிக்க வந்த போலீஸ்காரரின் சைக்கிள் அவர் காலில் ஏறியது. அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்தில் ஒரு பறவையையும் அவர் சும்மா விட்டதில்லை.

அம்பயருக்கு விரலைத் தூக்குகிற பழக்கம் இருந்தால் என்ன ஆகும்? விரல் மேலே போனால் ஆட்டக்காரன் அவுட். அதனால் ஹேசல்பியில் தனிச் சட்டமே உண்டு. டாஸ் போடும்போது ஊர் கேப்டன் பசுமாட்டுப் பண்ணை டெரிக், எதிரணி கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டு, "நார்மன் விரலைத் தூக்கினா உடனே கிளம்பிடாத. முதல்ல மரத்தைப் பாரு, வேலியைப் பாரு, கூரையைப் பாரு. ஒண்ணும் உக்காந்திருக்கலன்னா போ" என்று சொல்லிவிடுவான். இருபத்திரண்டு வருஷம் இந்த ஏற்பாட்டில் பழுதில்லாமல் ஓடியது.

நார்மனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை பாக்கி இருந்தது. வருஷா வருஷம் ஆகஸ்டில் நடக்கும் லீக் கோப்பை ஃபைனலில் அம்பயராக நிற்க வேண்டும். அறுபத்திரண்டு வயதாகிவிட்டது, அடுத்த வருஷம் முழங்கால் ஒத்துழைக்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அந்த ஜூலையில்தான் லீக்கிலிருந்து கடிதம் வந்தது: மேற்பார்வையாளர் மிஸ்டர் ஆக்ராய்ட் சனிக்கிழமை வந்து உங்கள் வேலையைப் பார்ப்பார், திருப்தியானால் ஃபைனல் உங்களுக்கு.

மிஸ்டர் ஆக்ராய்ட் பாங்கு மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் ஊரில் இரண்டே பேர். அவர்களும் ஒருவரையொருவர் நம்புவதில்லை.

சனிக்கிழமை காலை நார்மனின் மனைவி எட்னா, கோட்டைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் அந்தக் கையை அடக்கி வச்சுக்கோ, நார்மன். ரெண்டு கையையும் கோட்டுப் பையில விட்டுக்க. பறவை வந்தா வரட்டும்."

"வந்துட்டா?"

"மனசுக்குள்ள வணக்கம் சொல்லு. அதுக்கென்ன காதா கேக்கப்போவுது?"

"மனசுக்குள்ள சொன்னா செல்லுமா எட்னா?"

"நம்ம கல்யாண போட்டோல நீ என்னைப் பாக்காம கூரையைப் பாத்து விரலை நீட்டிக்கிட்டு நிக்கற. எங்கம்மா சாகறவரைக்கும் நீ மழை வருமான்னு பாத்தேன்னுதான் நெனச்சிட்டிருந்தா. செல்லும், போ!"

மைதானத்துக்குப் போனதும் நார்மன் டெரிக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டாஸ் போடறப்ப மரம், வேலின்னு பேச்சை எடுக்காதே டெரிக். ஆக்ராய்ட் பக்கத்துலயே நிக்கறாரு. இந்த அம்பயருக்கு எதுக்குய்யா இப்படி ஒரு எச்சரிக்கைன்னு கேட்டா நான் தொலைஞ்சேன்."

"சொல்லாம விட்டா அவங்க தொலைவாங்களே?"

"நான் கையையே எடுக்கப் போறதில்ல. பாரு." இரண்டு கையும் மணிக்கட்டுவரை பைக்குள் போயின. டெரிக்கும் வாயை மூடிக்கொண்டான்.

எதிரணி ஆர்ன்வித் கிராமம். அவர்கள் கேப்டன் கீத் பார்லோ, கசாப்புக் கடைக்காரன், புது ஆள். நார்மனின் விரல் வரலாறு அவனுக்குத் தெரியாது.

ஹேசல்பி ஆடி முடித்தது. தேநீருக்குப் பிறகு ஆர்ன்வித் ஆடவந்த சிறிது நேரத்தில் ஸ்கோர் பலகைமேல் ஒரு மேக்பை வந்து உட்கார்ந்தது. ஒற்றை. நார்மனின் கைகள் பைக்குள் முயல்குட்டிகள் மாதிரி துள்ளின. விடவில்லை. உதட்டை மட்டும் அசைத்தார். மீசை மேலும் கீழும் போனது.

பந்து போட ஓடிவந்த டெரிக் நின்றுவிட்டான். "என்ன நார்மன், நோ பாலா?"

"ஒண்ணுமில்ல. போடு."

டெரிக் போட்டான். கீத் ஓங்கி அடித்த பந்து நேராக வந்து நார்மனின் நல்ல முழங்காலில் பட்டது. அடுத்த ஓவரில் குளவி ஒன்று அவர் தொப்பிக்குள் குடியேறியது. அதற்கடுத்த ஓவரில் பேன்ட் பட்டன் தெறித்தது. நார்மனுக்குப் புரிந்துவிட்டது: கையை எடுக்காமல் சொன்ன வணக்கம் அங்கே போய்ச் சேரவில்லை. இன்னொரு மேக்பை வந்து, அதையும் இப்படி விட்டால், உயிரே போனாலும் ஆச்சரியமில்லை.

கடைசி ஓவர். ஆர்ன்வித்துக்கு வேண்டியது மூன்று ரன், கையில் இருப்பது ஒரே விக்கெட். ஆடுவது கீத். டெரிக் போட்ட பந்து கீத்தின் காலில் பட்டது. பதினோரு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். நார்மன் தெளிவாகப் பார்த்தார்: ஸ்டம்புக்கும் அந்தப் பந்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. நாட் அவுட். தலையை ஆட்டப் போனார். அந்த நேரம் பார்த்து, கீத்துக்குப் பின்னால் எல்லைக்கோட்டில் நிறுத்தியிருந்த வெள்ளைத் தட்டிமேல், மிஸ்டர் ஆக்ராய்டின் நாற்காலிக்கு நேர் மேலே, ஒரு மேக்பை வந்து இறங்கியது.

வலது கை அவரைக் கேட்காமல் பையைவிட்டு வெளியே வந்தது. தொப்பியைத் தொட்டது. விரல் வானத்துக்குப் போனது. "வணக்கம் ஐயா! வீட்ல..." என்ற குரல் கூச்சலில் அமுங்கிப்போனது.

கீத் மட்டையை அக்குளில் செருகிக்கொண்டு நடந்தான். ஹேசல்பி ஜெயித்துவிட்டது. நம் ஆட்களுக்கு மரத்தைப் பார்க்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஜெயித்த நேரத்தில் யார் பார்ப்பார்கள்? டெரிக் தட்டியை ஒரு தடவை பார்த்தான். பார்த்ததும் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தான். அங்கே மிஸ்டர் ஆக்ராய்ட் நோட்டில் ஏதோ எழுதி, மெச்சுகிற மாதிரி ஒரு தரம் தலையசைத்தார். கடைசி ஓவரில், துணிச்சலான முடிவு!

நார்மன் அந்தத் தலையசைப்பைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் ஃபைனல். யாருக்கும் தெரியப் போவதில்லை. மூன்று மூச்சு விடுகிற நேரம் நின்றார். பொய் சொல்ல வராது என்று சொன்னேன் இல்லையா? சும்மா நிற்கிற பொய்யும் அவருக்கு வரவில்லை.

"கீத்! திரும்பி வா! நீ அவுட் இல்ல!"

டெரிக் ஓடிவந்தான். "நார்மன், நீ எந்த ஊர்க்காரன்? விரலைத் தூக்கினியே!"

"உனக்குத் தூக்கலடா. அதுக்குத் தூக்கினேன்."

"எதுக்கு?" என்று கேட்டபடி மிஸ்டர் ஆக்ராய்ட் நோட்டோடு மைதானத்துக்குள் வந்துவிட்டார்.

நார்மன் தொப்பியைக் கழற்றிவிட்டார். "மேக்பைக்குங்க. ஒத்தையா வந்துச்சு. பழக்கதோஷம். அது வீட்டம்மாவை விசாரிச்சேன்."

மிஸ்டர் ஆக்ராய்ட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"எங்க உக்காந்திருந்துச்சு?"

"உங்க தலைக்கு மேலங்க."

ஆக்ராய்டின் முகம் வெளுத்தது. "வணக்கம் சொல்லிட்டீங்களா?"

"பாதி சொன்னேன். இவனுங்க கத்துனதுல மீதி கேட்டுச்சோ என்னவோ."

"சரி. உங்களுக்கு மட்டும் சொன்னீங்களா, இல்ல இங்க இருக்கற எல்லாருக்கும் சேத்து சொன்னீங்களா?"

இதை நார்மன் யோசித்ததே இல்லை. அவர் முழிப்பதைப் பார்த்து விக்கெட் கீப்பர் முன்னே வந்தான். "ஒருத்தர் சொன்னா பக்கத்துல நிக்கறவங்களுக்கும் சேத்துதான் சார்."

"எவன் சொன்னது?" என்றான் கீத். "எங்க ஆர்ன்வித்ல அவனவன் தனியா சொல்லணும். தொப்பியைக் கழட்டி, மூணு தடவை துப்பணும்."

"துப்பறதா? மரியாதை குடுக்கற லட்சணமா அது?"

"பாக்காதவனுக்குத் தோஷமே இல்லய்யா," என்றான் ஸ்லிப்பில் நின்றவன்.

"தலைக்கு மேலயே உக்காந்திருக்கு, பாக்கலன்னா விட்டுடுமா?" என்று ஆக்ராய்டே சண்டைக்கு வந்துவிட்டார்.

இருபத்திரண்டு பேரும் கூடிவிட்டார்கள். ஒருவன் பிள்ளைகளையும் விசாரிக்க வேண்டும் என்றான்; ஒருவன் பக்கத்தில் நிற்பவனைக் கிள்ளினாலே போதும் என்று கிள்ளியும் காட்டினான். கால்மணி நேரம் கழித்து, எதற்கும் இருக்கட்டுமென்று எல்லா முறையையும் செய்துவிடுவதென்று முடிவாயிற்று. வெள்ளைத் தட்டியைப் பார்த்து வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றி, விசாரித்து, துப்பி, கிள்ளிக்கொண்டார்கள். ஆக்ராய்ட் யாரும் பார்க்காதபோது இன்னும் இரண்டு தரம் துப்பினார். மேக்பை பயந்து பறந்தது.

அடுத்த பந்தில் கீத் நாலு ரன் அடித்தான். ஆர்ன்வித் ஜெயித்தது.

ஊர் நார்மனோடு இரண்டு வாரம் பேசவில்லை. மதுக்கடையில் அவர் நுழைந்தால் அத்தனை பேரும் விரலைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள். லீக் கடிதம் வந்தபோது அதைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. எட்னாதான் படித்தாள்.

"மிஸ்டர் சக்டன் அவர்களுக்கு. உங்கள் கண் பார்வை அபாரம். நேர்மை அதைவிட அபாரம். கை மட்டும் நம்பத்தக்கதல்ல. ஆகவே ஃபைனல் அம்பயர் பதவி வேறொருவருக்கு..." எட்னா நிறுத்தினாள்.

நார்மன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி விடு. எதிர்பாத்ததுதானே."

"இன்னும் இருக்கு, கேளு. ஃபைனலில் ஆட்டக்காரர்களும் அம்பயர்களும் கையைத் தூக்கிக் குழப்பம் உண்டாக்காமல் இருக்கும்பொருட்டு, எல்லைக்கோட்டருகே அமர்ந்து இரு அணியினர் சார்பிலும், மேற்பார்வையாளர் சார்பிலும், வரும் ஒற்றை மேக்பை அனைத்துக்கும் வணக்கம் சொல்ல ஓர் அதிகாரி நியமிக்கப்படுகிறார். மதிய உணவு உண்டு." எட்னா கடிதத்தை மடித்தாள். "உன்னைத்தான்யா கேக்கறாங்க. பைத்தியக்கார ஊரு, பைத்தியக்கார லீக்கு. சட்டையைக் குடு, காலர் தேய்க்கணும்."

ஃபைனலன்று நார்மன் எல்லைக்கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலை பதினொன்று முதல் சாயங்காலம் ஏழுவரை ஒன்பது ஒற்றை மேக்பைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று, எல்லோர் பேரையும் சேர்த்து, ஊர் கேட்க வணக்கம் சொன்னார். மைதானத்தில் ஒருத்தர் விரலும் அநாவசியமாக மேலே போகவில்லை. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. ஐந்தாவது பறவைக்கு ஜனங்கள் கைதட்டினார்கள்.

தோற்ற அணி லீக்குக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தது: ஆறாவது மேக்பைக்கு அதிகாரி வணக்கம் சொன்னது ஏழு விநாடி தாமதம், அந்த ஏழு விநாடிக்குள் எங்கள் கேப்டன் போல்டு ஆகிவிட்டார், ஆட்டத்தை மறுபடி நடத்த வேண்டும்.

விசாரணைக்கு நார்மனைக் கூப்பிட்டார்கள். தலைமை மிஸ்டர் ஆக்ராய்ட்.

"தாமதம் உண்மையா, மிஸ்டர் சக்டன்?"

"வணக்கத்தை நேரத்துக்குத்தான் வச்சேங்க. வீட்டம்மா சௌக்கியமான்னு கேட்டதும் அது மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. வீட்டுல ஏதோ மனஸ்தாபம் போலிருக்கு. சமாதானமாப் பேசி, மறுபடி விசாரிக்க ஏழு விநாடி ஆயிடுச்சு."

கமிட்டி கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் ஆலோசித்தது. பறவையின் குடும்ப விவகாரத்துக்கு அதிகாரி பொறுப்பாக மாட்டார் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, புகாரைத் தள்ளுபடி செய்தது.