இஞ்சி தட்டிய கல்

வெள்ளிமலைக்குப் போகும் வழியில், டீக்கடைப் பலகையில் என் அண்டார்டிகா கல்லை எடுத்து வைக்கிறேன். பக்கத்தில் கடைக்கார அக்கா இஞ்சி தட்டும் கல். இரண்டிலும் அதே கருப்பு வெள்ளை வரிகள், பிழிந்த துணியைப் போல முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. இந்த மலையும் அந்தப் பனி நிலமும் ஒட்டியிருந்த காலத்தில், பூமிக்கு அடியில் ஒன்றாக வெந்து நசுங்கிய பாறைகள் இவை என்று அக்காவிடம் சொல்கிறேன்.

“அப்ப ரெண்டும் ஒரே வூட்டுப் புள்ளைங்கன்னு சொல்லுங்க.”

ரோட்டோரப் பாறையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறேன். இரண்டு கல்லும் கழுவி, ஈரம் சொட்டக் கிடக்கின்றன. என் கல்லில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைக் காணோம். இருபது வருடமாகக் கல் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் நான். எது என்னுடையது என்று தெரியவில்லை.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னா சார், படிச்சவருதானே? மோந்து பாருங்க. இஞ்சி வாசன வந்தா அது என்னுது.”

மோந்து பார்க்கிறேன். இரண்டும் மணக்கின்றன.

“பஸ்ஸு வந்துச்சா, கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சி. கைக்கு ஒரு கல்லா, ரெண்டையும் வெச்சி இஞ்சி தட்டிக்கினு இருந்தேன்.”

ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். பையின் மேல் ‘அண்டார்டிகா’ என்று முன்பே எழுதியாகிவிட்டது.