ஹாரனைக் கழற்றிப் போடு!

போன வருடம் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நண்பகல். எண்ணூரிலிருந்து ராயபுரம் நோக்கிக் கடலை ஒட்டிப் போகும் சாலையில், என் அண்ணனை டயாலிசிஸுக்கு என் காரில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

அண்ணன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால், முறை தவறாமல் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அவருக்கு உயிர். முந்தைய முறை காய்ச்சலால் போக முடியவில்லை. அதற்குள் உடம்பில் நீர் கோத்து, கால்கள் பூசணிக்காய் போல வீங்கி, நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியது. இந்த முறையும் விட்டால் நுரையீரலில் நீர் ஏறிவிடும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நேரத்துக்குப் போகாவிட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருக்கிறவர்கள் அங்கே ஏராளம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஒரு ஹாரன் பைத்தியம். மூடிய ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு ரயிலைப் பார்த்து ஹாரன் அடித்தவன். பிரேக் இல்லாமல்கூட நான் வண்டி ஓட்டிவிடுவேன், ஹாரன் இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்பது என் மனைவியின் தீர்ப்பு. அண்ணனுக்கும் எனக்கும் வருடக்கணக்காக நடக்கும் சண்டையே அதுதான். "நீ அடிக்கறதால எவன்டா நவுந்தான் இதுவரைக்கும்?" என்பார். நான் பதிலுக்கு இன்னொரு முறை அடிப்பேன்.

அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். ஓட்டுநர்கள் ஸ்டீயரிங் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள். வரிசை கொஞ்சம் நகர்ந்தால், முன்னால் இருப்பவர் 'பாம் பாம்' என்று இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் இருப்பவரை எழுப்புவார். அவர் தனக்குப் பின்னால் இருப்பவரை எழுப்புவார். அப்படியே அந்தச் சத்தம் வரிசையின் வால் வரைக்கும் போகும். எங்கள் வீடு அந்தச் சாலைக்குப் பக்கத்தில். நாள் முழுக்க அந்த 'பாம் பாம்' கேட்டுக் கேட்டு, 'இவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா' என்று திட்டாத நாள் கிடையாது. யார் திட்டுவது பாருங்கள்!

அன்றைக்கு முன்னால் எங்கோ ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டதாம். லாரிகள் இரட்டை வரிசையாக அடைத்துக்கொண்டிருந்தன. வலது ஓரமாக இருந்த சின்ன இடுக்கில், கார்களும் பைக்குகளும் எறும்பு மாதிரி ஊர்ந்தன. வண்டி ஓடினால் காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். ஊரும்போது அதை ஒட்டி இருக்கிற ஃபேன்தான் சுற்ற வேண்டும். என் ஃபேன் சுற்றவில்லை. வெப்பம் காட்டும் முள் மெதுவாக ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

எஞ்சின் சூடானால் ஹீட்டரைப் போட வேண்டும், அந்தச் சூடு காருக்குள் வந்துவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. கத்திரி வெயிலில் ஹீட்டரை முழு வேகத்தில் திருகினேன். உள்ளே இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. பின் சீட்டிலிருந்து அண்ணன் முனகினார்.

"டேய்... என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறியா... இல்ல நேரா மூலக்கொத்தளத்துக்கா?"

மூலக்கொத்தளம் எங்கள் பக்கத்துச் சுடுகாடு. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். பானெட்டைத் திறக்க லீவரை இழுத்தேன். பெட்ரோல் மூடிதான் திறந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் அதுவே. ஒருவழியாகப் பானெட் திறந்ததும், உள்ளே பார்த்து எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன்: கையில் கிடைத்ததை எடுத்து ரேடியேட்டருக்கு விசிற ஆரம்பித்தேன்.

"டேய்... அது என் ஸ்கேனுடா" என்றார் அண்ணன்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயருகே கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத் தண்ணி ஆவாதுடா. தாகம் அதுக்குத்தான். அதுக்கு ஊத்து."

உண்மைதான். அவருக்குத் தண்ணீர் அளவுதான். காருக்குத்தான் வேண்டும். உடனே பாய்ந்து ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். அந்த நேரத்தில் பின்னாலிருந்து இரும்புப் பிடியாக ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"யோவ், கையி வையாத! மூஞ்சி வெந்து கோழி ஃப்ரை ஆயிடும்!"

தலையில் சிவப்புத் துண்டு கட்டிய ஒரு லாரி டிரைவர். பக்கத்தில் நின்ற கன்டெய்னர் லாரியிலிருந்து குதித்து வந்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், கூலிங் கிளாஸ் போட்டவர், தூக்கம் கலைந்த எரிச்சலோடு. நான் அழுகுரலில் கதையைச் சொன்னேன். சிவப்புத் துண்டு பின் சீட்டில் இருந்த அண்ணனை எட்டிப் பார்த்தார். அவர் குரல் மாறிவிட்டது.

"இன்னா நைனா, மூச்சு ரொம்ப வாங்குதா? இரு, ஒரே நிமிசம். இந்த ரோட்டுல நான் பாக்காத வண்டியா?"

"ரீல் வுடாத மாமு" என்றார் கூலிங் கிளாஸ். "போன மாசம் உன் வண்டியவே என்னான்ட தான் தள்ள சொன்ன."

அடுத்து நடந்தது வைத்தியமா, பட்டிமன்றமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சாவியைப் போட்டு ஏசியை ஆன் பண்ணச் சொன்னார்கள். ஏசி போட்டால் எஞ்சின் சூடோ, குளிரோ, ஃபேன் சுற்றித்தான் ஆக வேண்டுமாம். சுற்றவில்லை. "மோட்டார் அவுட்டு. அடக்கம் பண்ணிடு" என்றார் சிவப்புத் துண்டு. "ஃபியூஸ் பூட்டிருக்கும்" என்றார் கூலிங் கிளாஸ். ஃபியூஸைப் பிடுங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்த கம்பி முழுசாக இருந்தது. லாரியிலிருந்து ஒரு துண்டு ஒயரைக் கொண்டுவந்து, பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்குக் கொடுத்தார்கள். அடக்கம் பண்ணச் சொன்ன மோட்டார் 'விர்ர்ர்' என்று உயிரோடு எழுந்தது!

"இப்ப இன்னா சொல்ற? பொணம் எந்திரிச்சி ஆடுது பாரு" என்று கூலிங் கிளாஸ் கைதட்டினார்.

நான் கும்பிட்டேவிட்டேன். அதற்குள் ஒயர் சூடாகிக் கருகல் வாடை வந்தது. சட்டென்று பிடுங்கினார்கள். அந்தச் சன்ன ஒயரை நம்பி வண்டியை ஓட்ட முடியாது, தீப்பிடித்துவிடும். மோட்டாரும் நன்றாக இருக்கிறது, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது. நடுவில் ஏதோ ஒன்று மின்சாரத்தை விடமாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மாவின் போன். எங்கே இருக்கிறீர்கள், சீக்கிரம் வாருங்கள், அடுத்தவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றார். ஆம்புலன்ஸ் வந்தாலும் இந்த நெரிசலுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். போனை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அழுத்தினேன். நின்ற காரில், நின்ற லாரிகளைப் பார்த்து.

பின் சீட்டிலிருந்து அண்ணன் விட்டு விட்டுச் சொன்னார்.

"டேய்... அந்த ஹாரன... கழட்டிப் போடுடா..."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அண்ணே, மன்னிச்சுக்கண்ணே. இனிமே அடிக்க மாட்டேன். இப்பவா அந்தச் சண்டை?"

"தத்தி... கழட்டி... போடுடான்றேன்..."

"தூரப் போட்டுடறேண்ணே. நீங்க நல்லாகி வாங்க, நானே கழட்டி கடல்ல போட்டுடறேன்."

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவ்வளவு மூச்சிரைப்பிலும் அதற்கு மட்டும் தெம்பு இருந்தது. சிவப்புத் துண்டு திடீரென்று என்னைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"நைனா! ஹாரன் ரிலேவ கழட்டி ஃபேன்ல போட சொல்றியா?"

அண்ணன் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "ஃபோர்க்லிஃப்ட்ல... நாங்க... செஞ்சிகினு இருந்ததுதான்..."

நான் மட்டும்தான் அதைத் தூக்கிப் போடச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். இத்தனை வருடம் அவர் பேச்சை நான் எந்த லட்சணத்தில் கேட்டிருக்கிறேன் பாருங்கள்.

ரிலே என்பது தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்புக் கட்டை. சுவிட்சைப் போட்டதும் உள்ளே 'டிக்' என்று தட்டி மின்சாரத்தை அனுப்பும். ஃபேனுக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று. என் காரில் இரண்டும் அச்சு அசல் ஒரே ஜாதி. ஃபேன் ரிலே 'டிக்' சொல்லவே இல்லை. செத்துப் போயிருந்தது. ஹாரன் ரிலேவைப் பிடுங்கி அந்த இடத்தில் அழுத்தினார்கள். நான் ஏசியைப் போட்டேன்.

டிக்.

ஃபேன் சுற்றியது. எங்கள் வீட்டில் கச்சேரியே வைத்திருக்கிறோம், ஆனால் இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

எஞ்சின் கொஞ்சம் ஆறியதும், சிவப்புத் துண்டு துணியைச் சுற்றி மூடியைப் பக்குவமாகத் திறந்து தண்ணீர் ஊற்றினார். "அவசரத்துக்குத்தான் இது. நாளைக்கே புது ரிலே வாங்கிப் போட்டுடு. இன்னிக்கி மட்டும் உனுக்கு ஹாரன் கெடையாது."

சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றேன். ஹாரன் கிடையாதா? இந்தச் சாலையில்? இந்த நெரிசலில்? நானா?

"அண்ணாத்தே, அப்ப நான் எப்படிப் போவேன்?" என்றேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார். "உனுக்கு இன்னாத்துக்கு ஹாரன்? நாங்க இல்ல?"

சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். அவருக்கு முன்னால் இருந்த லாரியைப் பார்த்து ஒரு முறை நீளமாக அடித்தார். அந்த டிரைவர் எட்டிப் பார்த்ததும், ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "வெள்ள காரு வருதுபா! ஹாரன் இல்ல! உள்ள பேசன்ட்டு கீறாரு! வயி வுட்டு, முன்னாடி சொல்லு!" என்று கத்தினார்.

முன்னால் இருந்தவர் கேள்வியே கேட்கவில்லை. லாரியைக் கிளப்பி, இடது பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி ஒதுங்கினார். ஒதுங்கியபடியே தன் முன்னால் இருந்தவரை நோக்கி நீளமாக அடித்தார். அவர் எட்டிப் பார்த்தார். இவர் கையை ஆட்டிக் கத்தினார். அவரும் ஒதுங்கினார், அவரும் அடித்தார்.

வழக்கமாக அந்தச் சத்தம் முன்னாலிருந்து பின்னால் போகும் என்று சொன்னேனே, அன்றைக்கு அது எதிர்த் திசையில் போனது. எங்களுக்கு முன்னால், எங்களைவிட வேகமாக, கடலோரம் முழுக்க, ஒரு லாரியிலிருந்து அடுத்த லாரிக்கு. நான் ஆக்ஸிலேட்டரைத் தொடக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "போடா" என்றார் அண்ணன். போனேன்.

வீடு அளவு பெட்டிகளைச் சுமந்த அந்தப் பெரிய வண்டிகள், நீலமும் சிவப்பும் பச்சையுமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து வழி விட்டன. தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள், பாதிச் சோற்றோடு தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தவர்கள், சாலையில் இறங்கித் துண்டை வீசி பைக்குகளை ஒதுக்கியவர்கள். மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா, முன்னால் நின்ற காரின் முதுகில் பளாரென்று அறைந்து, "ஒத்திக்கடா கஸ்மாலம், ஆளு உயிருக்குப் போராடிகினு வராரு!" என்று கத்தினார். எங்களை ஒருவருக்கும் தெரியாது. காருக்குள் இருப்பவர் யார், என்ன, அது உண்மையா என்று ஒருவர்கூட நிறுத்திக் கேட்கவில்லை. முன்னால் இருந்தவருக்குச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் கட்டைவிரல் மட்டும் பழக்கத்தில் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை. வெளியே வானம் அதிர்ந்துகொண்டிருந்தது.

பழுதாகி நின்ற லாரியைத் தாண்டியதும் சாலை காலியாகக் கிடந்தது. கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தேன். ஜன்னலில் தலையைச் சாய்த்து, பின்னால் தேய்ந்துகொண்டிருந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீங்கிய கையைத் தூக்கி யாருக்கோ ஒரு சலாம் வைத்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், "ரோட்டைப் பாருடா" என்றார்.

ஆஸ்பத்திரியில் அடுத்தவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். அண்ணனின் நிலைமையைப் பார்த்ததும், நர்ஸம்மா வாய் திறக்கும் முன்பே அவர் இறங்கி, "மொதல்ல இவரப் படுக்க வையுங்க" என்று நாற்காலிக்குப் போய்விட்டார். அவருக்கும் யாராவது முன்கூட்டியே ஹாரன் அடித்துச் சொல்லியிருப்பார்களோ என்று அன்றைக்கு நான் நிஜமாகவே யோசித்தேன். மாலையில் அண்ணன் கால் வீக்கம் வடிந்து, மூச்சு சீராகி வெளியே வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "டேய், ஸ்கேன் எங்கடா?"

மறுநாளே புது ரிலே வாங்கிப் போட்டேன். ஹாரனும் திரும்பிவிட்டது. சிவப்புத் துண்டுக்காரரைத் தேடி அந்த வரிசையில் பல முறை போய்ப் பார்த்தேன். எல்லோர் தலையிலும் ஒரு சிவப்புத் துண்டு இருக்கிறது. விசாரித்தால், "எந்த வெள்ள காரு? தெனம் எத்தினியோ போவுது" என்று சிரிக்கிறார்கள்.

இத்தனை வருடம் நான் ஹாரன் அடித்து ஒரு சைக்கிள்கூட ஒதுங்கியதில்லை. ஹாரனே இல்லாத அன்றைக்கு ஒரு சாலையே ஒதுங்கியது. இப்போதும் வீட்டு ஜன்னல் வழியாக அந்த 'பாம் பாம்' வருகிறது. முன்புபோல நான் திட்டுவதில்லை. யாரோ ஒருவர் தனக்கு அடுத்தவரை எழுப்புகிறார் என்றுதான் அது இப்போது என் காதில் விழுகிறது.