முன்னறையில் மூன்று கிட்டார்

ஞாயிற்றுக்கிழமை தூசி துடைப்பது அந்த வீட்டில் கண்ணாடிக்காரரின் வேலை. கல்யாணமான புதிதில் வேலைகளைப் பங்கு பிரித்தபோது இதை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். எவ்வளவு நல்ல மனசு என்று மனைவி பூரித்துப்போனாள். அவர் துடைப்பது கிட்டார்களை மட்டும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. கடையில் லென்ஸ் துடைக்கக் கொடுக்கும் மெத்தென்ற துணியை எடுத்துக்கொண்டு, கம்பி கம்பியாக, கம்பிக்கு அடியிலும் விரல் விட்டு, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் துடைப்பார். பக்கத்திலேயே இருக்கும் டிவி மேசையில் விரலால் பெயர் எழுதிவிட்டுப் போகலாம்.

"டிவி என்ன பாவம் பண்ணுச்சு? அதுவும் இந்த வீட்டுலதானே வளருது," என்பாள் மனைவி.

"அது நாள் பூரா கத்துது. அந்தச் சத்தத்துலயே தூசி உதிர்ந்துடும்," என்பார் அவர்.

கத்துவது உண்மைதான். உள்ளறையில் இருக்கும் மாமனாருக்குக் காது மந்தம். டிவி முன்னறையில் ஓட, அவர் கட்டிலில் இருந்தபடியே கேட்பார்.

கண்ணாடிக்காரர் என்றால் கடை முதலாளி இல்லை. கடைவீதி மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்க இருட்டறையில் கண் சோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பவர். வருகிறவரின் மூக்கில் கனமான ஒரு வட்டச் சட்டத்தை மாட்டி, அதில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. இருபத்தைந்து வருஷமாக மனிதர்களிடம் இந்த ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் எதையும் தனியாகப் பார்க்க முடியாத ஆளாகிவிட்டார். சட்டை வாங்கப் போனால் இரண்டைத் தூக்கிப் பிடிப்பார். தலையணையைக்கூடப் பக்கத்துத் தலையணையோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் படுப்பார்.

கடையில் அவருக்கு ஒரு தந்திரம் உண்டு. ஆள் யோசிக்காமல் சும்மா பதில் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தால், லென்ஸைக் கழற்றி, துடைத்து, அதையே திருப்பிப் போடுவார். "இப்ப எப்படி?" முக்கால்வாசிப் பேர், "ஆஹா, இது நல்லா இருக்கு, முன்னாடி போட்டது கலங்கலா இருந்துச்சு," என்பார்கள். சாயங்காலம் சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மனைவி சிரிக்கமாட்டாள். ஆனால் கேட்டுக்கொள்வாள்.

சனிக்கிழமை இரவுகளில் அவர் வேறு ஆள். ஒரு ஓட்டலின் மொட்டைமாடியில், சாப்பிட வருகிறவர்களுக்குப் பழைய பாட்டுகள் வாசிக்கும் குழுவில் கிட்டார்க்காரர். மூன்று எலெக்ட்ரிக் கிட்டார்களையும் தூக்கிக்கொண்டு போவார். பாட்டுக்குப் பாட்டு ஒன்றைக் கழற்றி, இன்னொன்றை மாட்டி, ஒயரைச் செருகி, சுருதி சேர்த்து அவர் நிமிர்வதற்குள் டிரம்ஸ்காரர் தண்ணீர் குடித்து, மூக்கைச் சிந்தி, வீட்டுக்கும் ஒரு போன் பேசிவிடுவார்.

மூன்றுக்கும் பெயர் வைத்தது மனைவி.

முதலாவது பலகை. பெயருக்கேற்ற தட்டையான ஒற்றைப் பலகை; கழுத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தப்பட்டை இரண்டு. கரண்டியால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டின மாதிரி சுள்ளென்ற சத்தம். இரண்டாவது கொம்பன். உடம்பு வளைந்து நெளிந்து மேலே இரண்டு கொம்பு, பட்டை மூன்று, எந்தப் பட்டை பேச வேண்டும் என்று தள்ளிவிட ஒரு சுவிட்ச், ஸ்வரத்தை ஆட்டிவிட ஒரு கம்பிப்பிடி. மூன்றாவது குண்டன். கழுத்தை உடம்போடு பசை போட்டே ஒட்டியது, தடித்த மரம், தடித்த பட்டைகள். ஒரு தட்டுத் தட்டினால் தேன் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். தோளில் மாட்டினால் மறுநாள் வரைக்கும் தோள் அதை மறக்காது.

மற்ற இரண்டிலும் லேசாக ஒரு இரைச்சல் பின்னாலேயே வரும், குண்டனில் வராது. ஏன் என்று மனைவிக்கு ஒருமுறை விளக்கினார். "இதுல ஒவ்வொரு பட்டைக்கும் ரெண்டு செம்புச் சுருள். ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு அடக்கிடும். புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"யாரு இரையறது, யாரு அடக்கறது?"

அவர் குண்டனைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மனைவி வேலை பார்த்த முடிதிருத்தும் கடையை விற்கப் போவதாக அதன் முதலாளியம்மா சொல்லிவிட்டாள். வாங்குகிறவர்கள் அங்கே செல்போன் கடை வைக்கப் போகிறார்கள். மனைவிக்கு வயது நாற்பத்தேழு. இன்னொரு கடையில் போய்ப் புதிய ஆளாகத் தரை கூட்டுவதிலிருந்து தொடங்க அவளுக்கு மனமில்லை. அவளிடமே முடிவெட்டிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். எங்கே போனாலும் பின்னாலேயே வருவார்கள். சொந்தமாகத் தொடங்க வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி, தெருவைப் பார்த்த ஒரு கதவு. தெருவைப் பார்த்த கதவு அந்த வீட்டில் முன்னறைக்குத்தான் உண்டு. முன்னறையில் டிவியும் மூன்று கிட்டார்களும், அவற்றின் பெட்டிகளும், ஆட்டுக்குட்டி அளவில் ஒரு ஸ்பீக்கரும், பாம்புப் பண்ணை மாதிரி ஒயர்களும் இருந்தன.

"டிவி அப்பா ரூமுக்குப் போயிடும். ஸ்பீக்கர் கட்டிலுக்கு அடியில. படுக்கையறைக் கதவுக்குப் பின்னாடி ஒரு ஆணி இருக்கு, அதுல ஒரு கிட்டார் மாட்டலாம்," என்றாள்.

"மத்த ரெண்டும்?"

"விலைக்குக் கேக்கறவங்க இருக்காங்கன்னு நீங்கதான சொல்வீங்க. குடுத்துடுங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "மூணும் மூணு வேலைக்கு. உனக்குப் புரியாது. நீ மட்டும் எத்தனை கத்திரிக்கோல் வச்சிருக்க?"

"நாலு. ஒண்ணு வெட்ட, ஒண்ணு அடர்த்தியைக் குறைக்க, ஒண்ணு நெத்தி முடிக்கு. ஒண்ணு மழுங்கிப் போச்சு, கீரைக் கட்டு பிரிக்கறேன். நாலும் ஒரு டம்ளருக்குள்ள நிக்குது. உங்க பரிவாரத்துக்கு ஒரு ரூம் வேணுமாயிருக்கு."

"எது எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். ஒரு தட்டு போதும். அவ்ளோ வித்தியாசம்."

மனைவி குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "கண்ணை மூடிக்கிட்டா?"

"மூடிக்கிட்டு."

"தப்பாச் சொன்னா ரூம் எனக்கு."

"சரியாச் சொன்னா?"

"சமையலறையில நாற்காலி போட்டுக்கறேன். குழம்புல முடி கிடந்தா என்னைக் கேக்கக் கூடாது."

உள்ளறையிலிருந்து மாமனார், "என்ன முடி?" என்றார்.

வாசித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தூண் வந்தான். பகலில் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவன். மேடையில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே இடத்தில் நிற்பதால் அந்தப் பெயர். கண்ணாடிக்காரரை அண்ணே என்பான், அவர் மனைவியை அண்ணி என்பான். அண்ணிதான் அவனுக்கு முடி வெட்டுவாள், காசு வாங்கமாட்டாள். அதனால் அண்ணி சொல்வதை மறுத்து அவனுக்குப் பழக்கமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்னறையின் நடுவில் கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். மனைவி துண்டை மடித்து அவர் கண்ணைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு இறுக்கம்.

"கண்ணு பிதுங்குது."

"உங்க கடையில பவர் எழுதி வாங்கிக்கலாம். தம்பி, ஆரம்பி."

தூண் ஒரு தட்டுத் தட்டினான்.

"பலகை," என்றார் உடனே. "கேட்டியா அந்த நுனியை? ஊசி மாதிரி. மத்த ரெண்டுக்கும் இது சாகுற வரைக்கும் வராது."

ஒயரைப் பிடுங்கும் சத்தம், செருகும் சத்தம். மறுபடி ஒரு தட்டு.

"இது கொம்பன். நடுப்பட்டை பேசுது. கொஞ்சம் மூக்கால பேசற மாதிரி, ஆனா அழகா."

மறுபடி பிடுங்கல், செருகல். இந்த முறை தூண் மெதுவாக விரலால் இழுத்தான்.

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். "குண்டன். என்ன ஒரு கனம் பாரு. அடிவயித்துல வந்து உக்காருது. லேசா ஒரு இரைச்சல் கேக்குது... அது வீட்டு எர்த்து சரியில்ல. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடணும்."

அவர் மனைவி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்ன, மூணும் சரியா? சமையலறையைக் காலி பண்ணு."

மனைவி முடிச்சை அவிழ்த்தாள். தூண் மடியில் கொம்பன் இருந்தது. பலகையையும் குண்டனையும் காணோம். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். உள்ளறையில் மாமனாரின் கால்மாட்டில் இரண்டு பெட்டிகளும் தாழ் போட்டபடி கிடந்தன. மாமனார் ஒன்றின் மேல் காலைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"மூணு தடவையும் இதுதான் அண்ணே," என்றான் தூண், தரையைப் பார்த்துக்கொண்டு. "சுவிட்சை மட்டும் தள்ளினேன். கடைசியில டோன் திருகைக் கொஞ்சம் குறைச்சேன். அண்ணிதான் சொன்னாங்க."

"அதே லென்ஸைத் துடைச்சுத் திருப்பிப் போட்டேன்," என்றாள் மனைவி. "முன்னாடி போட்டது கலங்கலா இருந்துச்சா?"

கண்ணாடிக்காரர் கோபப்படுவார் என்று தூண் எதிர்பார்த்தான். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடையில் இத்தனை வருஷமாகத் தன்னிடம் மாட்டிக்கொண்டவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் உள்ளேயிருந்து தெரிந்தது.

"மாப்பிள்ளை, எனக்கும் எல்லாம் ஒண்ணாத்தான் கேட்டுச்சு," என்றார் மாமனார் ஆறுதலாக. மிக்ஸி ஓடினாலும் கிட்டாரா என்று கேட்கிறவர் அவர்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடிக்காரர் துண்டைத் தானே கண்ணில் கட்டிக்கொண்டார். "ரூம் உன்னுது. பேச்சு மாறல. ஆனா தம்பி, நீ இன்னொண்ணு பண்ணு. அந்த ரெண்டையும் எடுத்துட்டு வா. மூணையும் கலைச்சுக் கையில குடு. ஸ்பீக்கர் வேணாம், சத்தமே வேணாம்."

தூண் அண்ணியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். உள்ளே போய் இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து திறந்தான்.

அவர் மடியில் கிட்டாரை வைக்கவில்லை. கழுத்தில் மட்டும் இடது கையைச் சுற்றினார். "குண்டன்." அடுத்தது. கட்டைவிரல் கழுத்தின் முதுகில் படுவதற்குள், "பலகை." மூன்றாவது. "அந்தப் பழிகாரக் கொம்பன்." தூண் மறுபடி கலைத்துக் கொடுத்தான். இரண்டாவதையே திருப்பிக் கொடுத்தும் பார்த்தான். "இதை இப்பத்தானே குடுத்த?" என்றார்.

துண்டை அவிழ்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "கேக்கறவங்களுக்கு ஒண்ணு போதும். நீ சொன்னது சரி. ஆனா குண்டன் கழுத்து கை நிறைய இருக்கும், கம்பி தளர்வா இருக்கும், வேகமா ஓட மனசு வராது. பலகையில நிறுத்தி நிறுத்தித்தான் வாசிக்க வரும். கொம்பன் வழுக்கிக்கிட்டே ஓடும். அதுல எனக்கு வர்ற வாசிப்பு இதுல வராது. வித்தியாசம் மரத்துல இல்ல போல. என்கிட்ட இருக்கு."

"அப்போ மூணு கிட்டாரும் உங்களுக்காக."

"ஆமா."

"கேக்கறவங்களுக்காக இல்ல."

"இல்ல போல."

மனைவி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் பதினேழு வருஷமா அடுத்தவங்க நாற்காலிக்குப் பின்னாடி நிக்கறேன். அந்த நாற்காலி உயரம் எனக்குச் சேராது. முதலாளியம்மா குட்டை, அவங்க உயரத்துக்கு வாங்கினது. குனிஞ்சே வெட்டிட்டு இருக்கேன். வெட்டிக்கிறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. என் இடுப்புக்குத் தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார். இதை அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. தூண் ஒயரைச் சுருட்டுவதில் மிகுந்த கவனம் காட்டினான்.

ஒரு வாரத்தில் கழுவும் தொட்டி வந்து இறங்கியது. டிவி மாமனார் அறைக்குப் போய், அங்கிருந்தே தெருவுக்குச் செய்தி சொன்னது. பலகையைத் தூண் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பேஸ் வாசித்து வாசித்து அவனுக்கும் அலுத்துவிட்டதாம். இன்னொன்றை வாங்கிக்கொள்ள டிரம்ஸ்காரரின் மச்சான் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. குழுவில் எல்லோருக்கும் ஒரே நிம்மதி. இனி கண்ணாடிக்காரர் கொம்பனை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்பார், சுவிட்சைத் தள்ளினால் அடுத்த பாட்டு, டிரம்ஸ்காரருக்குத் தண்ணீர் குடிக்கத்தான் நேரம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி புதுக் கண்ணாடியைச் சுவரில் எந்த உயரத்தில் மாட்டுவது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் கடைசி இரண்டு கிட்டார்களையும் துடைத்து முடித்தார். ஒன்றைப் பெட்டியில் படுக்கவைத்து, மூடி, தாழ் போட்டு, வருகிறவர் எடுத்துக்கொண்டு போக வசதியாகத் தெருக்கதவின் அருகே சாய்த்து வைத்தார். நீளமாக, ஒல்லியாக இருந்தது பெட்டி.

மனைவி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரும்பினாள். அவர் கையில் குண்டன்.

"என்னங்க, பெட்டி மாறிப்போச்சு. குடுக்க வேண்டியது குண்டன்தானே?"

அவர் குண்டனின் வாரைத் தோளில் மாட்டினார். தோள் ஒரு பக்கம் இறங்கியது.

"அந்தக் கொம்பன் ஒண்ணே மூணு வேலையும் செய்யுதே. நீங்களே ஏமாந்தீங்களே அதுல. அதைக் குடுத்துட்டு, இந்தக் கனத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? சனிக்கிழமை அவங்க உங்களைத் திட்டமாட்டாங்களா?"

"கேக்கறவங்களுக்கு எதுவும் ஒண்ணுதான். என் கைக்கு இதுதான்," என்ற கண்ணாடிக்காரர் இடது கையைக் குண்டனின் கழுத்தில் வைத்து, புது நாற்காலியில் இடிக்காமல் ஒதுங்கி, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியைப் பார்த்து முன்னறையை விட்டுப் போனார்.