வாரீர் இல்லாத புத்தகம்

நோட்டீஸ் எழுதிப் பழகியவனுக்கு உலகமே ஒரு பக்கம்தான். அதைத் தாண்டி எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை, சொந்தமாகப் புத்தகம் போட்டுக் கட்டிலுக்கடியில் பண்டல் பண்டலாகத் தள்ளி வைத்திருக்கும் சக தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர் சங்கத்துக்கு நாற்பது வருஷம் நோட்டீஸ் எழுதியவன் நான். எனக்குப் படிப்பு வந்ததே நோட்டீஸ் படித்துத்தான். நான் எழுதிக் கொடுத்ததை மேடையில் படித்தவர்கள் இன்று காரில் போகிறார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

சால்வையை மடித்து வைத்துவிட்டு, எங்கள் கம்பெனியில் நடந்த வேலைநிறுத்தத்தைப் புத்தகமாக எழுதினேன். ஆசை ஒன்றுதான். யாராவது ஒரே ஒரு ஆள் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டும்.

எங்க வரணும்?

கையெழுத்துப் பிரதியை டைப் செய்து கொடுத்தது, ஜங்ஷன் ரோட்டில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் கலைச்செல்வி. ஒவ்வொரு அத்தியாயத்தையும் ‘அலைகடலெனத் திரண்டு வாரீர்! வாரீர்!’ என்று முடித்திருந்தேன். யோசித்துப் போட்டதில்லை. கடைசிப் பத்தி வந்தால் கை தானாக அதை எழுதிவிடும். சூளைப் புகையில் இருமி இருமிச் செத்துப்போன ஒரு தோழரைப் பற்றிய அத்தியாயமும் அப்படித்தான் முடிந்திருந்தது.

“எடுத்துடலாமா ஐயா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மக்களை அழைக்காமல் ஒரு எழுத்து எப்படி முடியும் என்று ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டவள் சொன்னாள்:

“வரோம் ஐயா. எடமும் போடல, நேரமும் போடல. எங்க வரணும்?”

பெரிய நோட்டீஸ்

எல்லா வாரீரையும் எடுத்த பிறகு புத்தகம் மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. அச்சாகி வந்த பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு, விற்பதற்காக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கேதான் என் தப்பு புரிந்தது. நாற்பது வருஷமாக அங்கே நான் எதை நீட்டினாலும் இலவசம். பையைத் திறந்ததும் பழைய பழக்கத்தில் என் கை நீட்டிவிட்டது, ஜனங்களின் கையும் பழைய பழக்கத்தில் வாங்கிக்கொண்டது. விலை சொல்ல வாயைத் திறப்பதற்குள் இரண்டு பஸ் கிளம்பிவிட்டது.

கம்மாபுரம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா மட்டும் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசகர் கிடைத்துவிட்டார் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

“இம்மாம் பெரிய நோட்டீஸா? என்னா தலைவரே, இந்தத் தடவ கோரிக்கை ஜாஸ்தியா?” என்றார்.

அஞ்சலையின் திருத்தம்

போராட்டத்தின்போது, பீங்கான் அச்சில் ஊற்றுகிற களிமண் கரைசலை எடுத்து சூப்பர்வைசர் தலையில் கவிழ்த்தவர் அஞ்சலை. புத்தகத்தில் அவருக்கு ஒரு பக்கம் முழுசாகக் கொடுத்திருந்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேத்தியை விட்டு அந்தப் பக்கத்தை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மற்ற பக்கமெல்லாம் என்னவென்று கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் வீடு தேடி வந்துவிட்டார். கண் கலங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன், முகம் சிவந்திருந்தது.

“ஒரு சொம்புன்னு எழுதிட்டீங்களே தோழரு! நான் ஊத்துனது ஒரு பக்கெட்டு. ஊரு என்னைப் பத்தி என்ன நெனைக்கும்?”

வூட்டு விமர்சனம்

என் மனைவி காமாட்சி அட்டையில் இருந்த என் படத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு புத்தகத்தை அலமாரியில் வைத்துச் சாத்தினாள். எனக்கு வேலை போன பிறகு வீட்டை நடத்தியது அவள் தையல் மிஷின்தான். அதையும் எழுதியிருக்கிறேன், ஒரு அத்தியாயமாவது படியேன் என்று கெஞ்சினேன்.

“இத்தினி வருஷமா நீங்க பேசறதைக் கேட்டாச்சு. இப்ப படிக்கவும் வேணுமா?”

கடைசிப் பக்கம்

ஆசையை விட்டுவிட்ட ஒரு சாயங்காலம், வாசலில் ஸ்கூட்டி நின்றது. எங்கள் சங்கத்தைக் கண்காணிக்கிற வேலையில் இருந்து ரிட்டையரான உளவுப் பிரிவு ஏட்டு. என் நோட்டீஸ் ஒன்று விடாமல் படித்து மேலே அனுப்பியவர். கையில் என் புத்தகம். பஸ் ஸ்டாண்டில் இலவசமாகப் போனதில் ஒன்று.

“என்னா தலைவரே, எந்த அத்தியாயத்துலயும் வாரீர் காணோம்?” என்றார். எல்லா அத்தியாயத்தையும் படித்திருக்கிறார்!

“யாருக்கு ரிப்போர்ட்?” என்றேன், பழைய கசப்போடு.

“இது எனக்காகப் படிச்சது” என்று கடைசிப் பக்கத்தைத் திறந்தார். வேலைநிறுத்தம் முடிந்து எல்லாரையும் உள்ளே சேர்த்துக்கொண்ட அன்று, என்னை மட்டும் சேர்க்கவில்லை. ‘மூடிய கேட்டுக்கு வெளியே நான் தன்னந்தனியாக நின்றேன்’ என்பது என் கடைசி வரி. அதன்மேல் விரலை வைத்தார்.

“இது தப்பு தலைவரே. எதிர்த்த டீக்கடையில நானும் நின்னேன். நீங்க போற வரைக்கும் நின்னேன்.”

நாற்பது வருஷம் வாரீர் வாரீர் என்று கூவியும் வராத கூட்டம், கூப்பிடுவதை நிறுத்திய பிறகு என் வாசலுக்கு வந்தது: ஒரே ஆளாக, அதுவும் போலீஸாக.