ட்ரம்ஸ் வேண்டாம் என்ற அருளப்பு அண்ணை

பலெர்மோவின் ஓரத்தில், சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பறித்துக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. நம் கோயில் பாடகர் குழுவை நடத்திய அருளப்பு அண்ணை காலமாகிவிட்டார். அவரை அறிந்த உங்களுக்காகவே எழுதுகிறேன். எனக்கு அவர்மேல் எப்போதும் சந்தேகம். அந்தச் செய்தியைக்கூட இன்னொருவரிடம் கேட்டு உறுதிசெய்தேன்.

நகரின் கால்சாப் பகுதியில் அவர் வேலைக்குப் போய்ப் பராமரித்த முதியவர் இளமையில் புவனோஸ் அயர்ஸில் இருந்தவர். வீடு நிறைய அந்த ஊர் டாங்கோ நடன இசைத்தட்டுகள். அந்தக் காலத்து இசைக்குழுத் தலைவர்களைப் பற்றித் தொடங்கினால் அண்ணை நிறுத்தமாட்டார். ஒருவர் பியானோவின் முன்னிருந்தே மண்டபத்தை ஆடவைப்பாராம். இன்னொருவர் மடியில் பண்டோனியன் என்ற துருத்திப் பெட்டியை இழுத்தபடி கண்ணை மூடிவிடுவாராம். "எல்லாரும் பெரிய ஆக்கள். ஒருத்தரும் ட்ரம்ஸ் வைச்சிருக்கேல்லை" என்பார்.

குழுவில் ட்ரம்ஸ் அடித்தவன் நான். கிழமை முழுக்கத் தோட்டத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஞாயிறு மட்டும்தான் நானும் ஓர் ஆள்.

மாதா திருவிழா ஒத்திகையில் அண்ணை சொன்னார்: "தம்பி, இனி ட்ரம்ஸ் வேண்டாம்."

"என்னிலை என்ன பிழை அண்ணை?"

"பிழையில்லை. அந்தத் தலைவர்மார் செய்ததைத்தான் நானும் செய்யப்போறன்."

மன்னார்க்காரரான அண்ணை வன்னியானான என்னை வெட்டிவிடுகிறார், தன் மருமகனுக்கு இடம் பிடிக்கிறார் என்று சனத்துக்கெல்லாம் சொன்னேன். திருவிழாவன்று மருமகனைக் காணவில்லை. அதுவும் தந்திரம் என்றே நினைத்தேன். இன்னொருவர் வாசிக்க, அண்ணை பியானோ மூடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். பெரிய தலைவர் என்று படம் காட்டுகிறார் என்று பொருமினேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

அடக்கம் முடிந்தபின் அவர் மனைவி ரீற்றா அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "அவருக்கு ரெண்டு காதும் கேக்காமல் வந்திட்டுது. கதைக்கிற ஆக்களின்ரை வாயைப் பாத்துத்தான் சமாளிச்சவர், பியானோவிலை கை வைச்சுத்தான் தாளம் பிடிச்சவர். ட்ரம்ஸ் அடிச்சால் எல்லாம் அதிரும், கைக்கு ஒண்டும் விளங்காதாம். கோயிலிலை தெரிஞ்சால் நிப்பாட்டிப்போடுவினம் எண்டு பயம்."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே அக்கா?"

"உனக்குச் சொன்னால் பலெர்மோ முழுக்கத் தெரிஞ்சிடும் எண்டவர்."

கோபம் வந்தது. பிறகு அழுதேன். நான் அவரை நம்பாததுபோல அவரும் என்னை நம்பவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வசனம்தான். அவர் கணித்தது சரி. இனி அவரை யாராலும் நிப்பாட்ட முடியாது என்று ஆனதும், இதோ, உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.